சிதம்பரம் போய்ச் சேராத மூச்சு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஜமால் மாமாவின் மூச்சு என்று சொல்லி, சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் நான் கொடுத்தது என் மூச்சு. முழுவதும் என்னுடையது என்றுகூடச் சொல்ல முடியாது. கிள்ளைக்குப் போன ஒரு கூடைக்கார அம்மாளின் மூச்சும் அதில் கலந்திருந்தது!

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நானும் இத்தனை வருடங்களாக இதை நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிரித்து முடித்த பிறகு ஒன்று வருமே... அதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். நான் பி.எஸ்ஸி. முடித்த கையோடு, சிதம்பரம் கீழவீதியில் டாக்டர் சபேசனிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். அவர் உடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்கட்டில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். ஒரு மனிதன் உழைக்கும்போது அவன் உடம்பு எவ்வளவு எரிக்கிறது, அதை ஈடுகட்ட அவன் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூச்சைப் பிடித்துத்தான்! ரப்பர் பூசிய பெரிய துணிப்பை ஒன்று இருந்தது. வேலை செய்பவர் மூக்கைக் கிளிப் போட்டு மூடிவிட்டு, வாயில் ஒரு ரப்பர்க் குழாயைக் கடித்துக்கொள்ள வேண்டும். அவர் விடும் மூச்செல்லாம் பைக்குள் போய்ச் சேரும். வேலை கடுமையாக இருந்தால் மூச்சு அதிகம். பை சீக்கிரம் நிறையும். பிறகு பையின் வாயிலுள்ள திருகை மூடி, பையைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் அளக்க வேண்டும். கொண்டுபோகும் வேலை என்னுடையது.

முதுநகர்தான் என் சொந்த ஊர். துறைமுகத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர்களுக்கு மதியச் சோறு காண்ட்ராக்டர் போட வேண்டும் என்பது வழக்கம். அரிசித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அவர் அதை ஒரு கரண்டியாகக் குறைத்துவிட்டார். என் மூலமாக விஷயம் தெரிந்த டாக்டர், நேரில் வந்து அவரிடம் வாதாடினார். "இந்த வேலைக்கு இந்தச் சோறு போதாதுன்னு நான் நிரூபிச்சுக் காட்டறேன்" என்றார். "காட்டுங்க சார், ரெண்டாவது கரண்டி போட்டுட்டுப் போறேன்" என்றார் காண்ட்ராக்டர்.

ஆக, அந்தப் பைக்குள் போகவிருந்தது வெறும் காற்று அல்ல. இரண்டாவது கரண்டிச் சோறு!

முதலில் வந்த இருவர் குழாயைக் கடித்ததுமே குமட்டித் துப்பிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் ஜமால் மாமா. எங்கள் தெருக்காரர். ஆள் நல்ல உயரம், தோளில் காய்ப்பு. சிரித்தால் துறைமுகத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்.

"என்னா மாப்ள இது, மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி மூக்கப் புடிக்கிற? சரி, மாட்டு. எத்தினி பேரு சோறு இதுல இருக்கு!" என்றார்.

மூட்டை அவர் முதுகில் ஏறியது. வாயிலிருந்து குழாய். குழாயின் மறுமுனையில் பை. பையைத் தூக்கிக்கொண்டு நான்! மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவனைப் போல அவர் பக்கத்திலேயே ஓடினேன். சுற்றிலும் ஒரே கேலி. சற்று நேரத்திலேயே பை உப்பிக் கல்லுப் போல் ஆகிவிட்டது. குழாயைத் துப்பிவிட்டு மாமா இரைக்க இரைக்கச் சொன்னார்: "எம் மூச்சு டிக்கெட் இல்லாம செதம்பரம் போவுது பாருங்கடா!"

இதுவரை என் மேல் ஒரு குற்றமும் இல்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. "படிச்ச புள்ள, வா, சாப்புட்டுப் போவலாம்" என்று காண்ட்ராக்டர் தன் வீட்டுக்கு அழைத்தார். போனேன். ஏன் போனேன்? வாசனை வந்தது, போனேன்! வஞ்சிர மீன் வறுவல், இறால் தொக்கு, வெள்ளை வெளேரென்று சோறு. ஊரில் அரிசி இல்லை என்று யார் சொன்னார்கள்? எத்தனை முறை போட்டுக்கொண்டேன் என்பது எனக்கே தெரியாது. காண்ட்ராக்டரே பக்கத்தில் நின்று பரிமாறினார்.

அப்புறம் என்ன... பாசஞ்சர் ரயில், ஜன்னலோர இடம், உப்பங்காற்று. மடியில் மெத்தென்று ஒரு பை. ஆலப்பாக்கம் வரும்போது அதைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் வந்ததே எனக்குத் தெரியாது.

பரங்கிப்பேட்டையில் கண் விழித்தபோது என் கன்னம் பலகையில் கிடந்தது. பை தோசை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. தூக்கத்தில் என் முழங்கை திருகைத் திறந்துவிட்டிருக்கிறது! எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருந்த அந்தக் கூடைக்கார அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தம்பி, ஒன் தலவாணி வழியெல்லாம் புஸ்சு புஸ்சுன்னு காத்து வுட்டுக்கிட்டே வந்துச்சுப்பா. நீதான் எழுந்துக்கல."

சோற்றைக் குறைத்தவர் வீட்டிலேயே மூக்குமுட்டத் தின்றதற்குச் சோறே பழி வாங்கிவிட்டதா? டாக்டர் என்ன சொல்வார்? வேலையை விட்டு அனுப்பிவிட்டால்? அடுத்த ரயிலில் திரும்பிப் போய், "மாமா, இன்னொரு தடவை" என்று கேட்டிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் மூட்டை தூக்கியிருப்பார். அது எனக்குத் தோன்றாமலும் இல்லை... தோன்றியது! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால் குழாயை வாயில் வைத்து ஊத ஆரம்பித்தேன்.

வயிறு முட்டச் சாப்பிட்டவன் எவ்வளவு ஊதுவான்? பத்துப் பதினைந்து மூச்சிலேயே தலை கிறுகிறுத்தது. அம்மாளுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "இங்க குடு, நானும் கொஞ்சம் ஊதறேன்" என்று வாங்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதித் தந்தார். கிள்ளையில் இறங்கும்போது, "இத ஊதி என்னாப்பா பண்ணப் போற?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சிம்மா" என்றேன்.

அப்போது பை பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே திருகை மூடினேன்.

டாக்டர் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார். "என்னப்பா இது? அந்த மனுஷன் மூட்டை தூக்கினானா, தூங்கினானா?"

"தூக்கினார் சார். நான் கூடவே ஓடினேன்." ஒவ்வொரு சொல்லும் உண்மை! பொய்யை உண்மையாலேயே கட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

"பையில வெத்தலை வாசனை வருதே?"

"மாமா வெத்தலை போடுவார் சார்." இது சுத்தப் பொய். மாமா அதைத் தொட்டதே கிடையாது.

டாக்டர் நாணயமானவர். "ஒரே ஒரு தடவை அளந்ததை வெச்சு எதுவும் சொல்லக் கூடாது. நாளைக்கே போய் இன்னொரு பை எடுத்துண்டு வா" என்றார். இங்கேதான் நீங்கள் என்னை மன்னிக்க முடியாது. முதல் தவறு தூக்கத்தில் நடந்தது. இது நன்றாக விழித்திருக்கும்போது நடந்தது. இரண்டாவது பை நிறைந்து வந்தால் முதல் பையின் குட்டு உடைந்துவிடுமே! முதுநகர் வரைக்கும் போனேன். துறைமுகத்துப் பக்கமே தலைகாட்டாமல் திரும்பி வந்தேன். "மாமாவும் மாட்டேன்கிறார் சார். ரப்பரைக் கடித்தால் வாந்தி வருகிறதாம்" என்றேன்.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மனிதர், "எப்ப மாப்ள மறுபடியும் மூக்கப் புடிக்கப் போற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காண்ட்ராக்டர் ஆள் மேல் ஆள் அனுப்பி முடிவைக் கேட்டார். டாக்டர் உள்ளதை எழுதினார்: அளந்த அளவில் உடம்பின் செலவு மிகக் குறைவாகத் தெரிகிறது, ஆனால் இதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. காண்ட்ராக்டர் முதல் பாதியை மட்டும் துறைமுகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இரண்டாவது கரண்டி வரவே இல்லை.

மாமா என் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். திட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசைப்பட்டேன்! அவரோ பெருமையில் மிதந்துகொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து மதிய வேளையில் துறைமுகத்தின் பக்கம் போக வேண்டி வந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா தன் தட்டிலிருந்த சோற்றில் சரிபாதியை அள்ளிப் பக்கத்திலிருந்தவர் தட்டில் வைத்தார்.

"நீ துண்ணுடா. ஒனக்குத்தான் ஜாஸ்தி வேணும். எனக்குத் தேவையில்ல. எத்தினி மூட்ட தூக்குனாலும் எம் மூச்சு செலவாவறதில்லன்னு செதம்பரத்துல மெஷின் வெச்சிக் கண்டுபுடிச்சிட்டாங்க. என் ஒடம்பு அப்பிடி!"

எல்லோரும் ஹோ என்று சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"தோ, வந்துட்டான் பாரு சாட்சி! சொல்லு மாப்ள, நீதான எம் மூச்ச எடுத்துக்கினு போன?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. ஒரு சொல் போதும். அடி விழுந்திருக்கலாம், கெட்ட வார்த்தை விழுந்திருக்கலாம், அன்றே முடிந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை சந்தோஷம் அதில்! அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்துக்கு எவ்வளவு நல்ல பெயர் வைக்கிறோம், பாருங்கள்!

"ஆமா மாமா, நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றேன்.

"கேட்டுக்கோ! படிச்ச புள்ள சொல்லுது!" என்று பக்கத்திலிருந்தவரின் முதுகில் தட்டினார்.

மாமா இப்போது இல்லை. டாக்டரும் இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வேளைக்கு ஒரு கரண்டிச் சோறுதான். எழுந்து கை கழுவும்போதும் பசி போவதில்லை. உடனே, "பலே, கணக்குச் சரியாகிவிட்டதே" என்கிறீர்களா? ஆகவில்லை ஐயா! மூட்டை தூக்கிவிட்டு ஒரு கரண்டி சாப்பிடுவதும், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கரண்டி சாப்பிடுவதும் ஒன்றாகுமா? டாக்டர் உயிரோடிருந்தால் அளந்தே காட்டியிருப்பார்.

அன்றைக்கு மாமா தன் பாதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, தட்டை ஒரு விரலால் சுற்றி வழித்து நக்கினார். பிறகு எழுந்து, அடுத்த மூட்டைக்கு முதுகைக் காட்டினார். அவருக்கு இரைத்தது. பக்கத்தில் நின்றிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.