அவர் கடைசியாக வாங்கிய ஆயில்

பைக்குக்கு ஆயில் வாங்கப் போகிறேன் என்று என் கணவர் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்கு ஆளைப் பார்க்க முடியாது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு கடை இருக்கிறது. அதெல்லாம் அவருக்கு ஆகாது. சைதாப்பேட்டை பஜாரில்தான் வாங்க வேண்டும். அங்கே ஐந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைக்கச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படிப்பார். கடைசியில் வழக்கமாக வாங்குவதையே வாங்கிக்கொண்டு வருவார்.

ஒரு தடவை நான் கூடப் போய் மானம் போய்த் திரும்பினேன். கேட்டதற்கு, "நாள் முழுக்க நாப்பது புடவைய நான் பிரிச்சுக் காட்டுதேன். கடைசில 'அப்புறமா வாரோம்'னு எந்திரிச்சுப் போறாவ. எனக்கும் ஒருத்தன் எடுத்துக் காட்டட்டுமேட்டி" என்றார். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடம் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவருக்கு ஊர்ப் பேச்சு மட்டும் கடைசிவரை போகவில்லை.

ஆயில் மாற்றுவதும் அவரே. ஞாயிற்றுக்கிழமை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பேப்பரை விரித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பழைய ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். புடவையின் ஓரத்தைப் பிடித்துப் பார்ப்பதும் அதே மாதிரிதான். "டப்பால எம்.ஏ.னு போட்டிருக்கணும். அது இல்லைன்னா பைக்குக்கு ஊத்தக் கூடாது" என்று என்னிடம் பாடம் எடுப்பார். "ஆமா, எம்.ஏ. படிச்ச ஆயில்தான் உங்களுக்கு வேணும்" என்று கிண்டல் செய்வேன். நான் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டிலும் லேபிள் படிக்க எனக்குப் பொறுமை கிடையாது.

என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். போன வருடம் ஆனி மாதத்தில் அதன் என்ஜினில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சமதரையில் ஒன்றும் தெரியாது. அடையாறு பாலத்தில் ஏறும்போது கடகடவென்று, பக்கத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வரும். அவரிடம் சொன்னேன். "ஆயில் மாத்தணும். ஞாயித்துக்கிழமை பாத்துருவோம்" என்றார். அந்த ஞாயிறு தன் பைக்குக்கு ஆயில் மாற்றினார். அதற்குள் மதியமாகி, கடையிலிருந்து போன் வந்து ஓடினார். அடுத்த வாரம் ஆடி பிறந்தது. ஆடித் தள்ளுபடி நடக்கும்போது தி. நகரில் ஞாயிறு ஏது, விடுமுறை ஏது? இது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு ஆடி பார்த்தவள்தானே நான்.

தெரிந்துதான் கத்தினேன். ஒரு புதன்கிழமை காலை, அவர் கடைக்குக் கிளம்பும் நேரம். "உங்க வண்டிக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல எனக்கு இல்ல. நான் அந்தப் பாலத்துல விழுந்து செத்தாத்தான் உங்களுக்கு ஞாயித்துக்கிழமை வரும்" என்றேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு நாளும் "சாப்பாடு", "சாவி" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. எங்கள் வீட்டுச் சண்டைகள் வழக்கமாக மூன்றாம் நாள் ரசத்தில் உப்புப் போட்டாயா என்று அவர் கேட்பதில் முடியும். சனிக்கிழமை மத்தியானம், ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

சாவைப் பற்றிப் பேசியது நான். போனது அவர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, ஜவுளிக்கடைக்காரர்கள் அங்கேயே நின்றிருந்த அவர் பைக்கைக் கொண்டுவந்து விட்டார்கள். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தேன். மழைக்கோட்டுக்கு அடியில் பழுப்புக் காகிதக் கவர் ஒன்று, வாயை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து இருந்தது. மேலே சைதாப்பேட்டைக் கடை பில். என்ஜின் ஆயில், ஒன்று. தேதியைப் பார்த்தேன். வியாழக்கிழமை. அதாவது நான் அப்படிக் கத்திய மறுநாள்.

அழுகைக்கு நடுவில் எனக்குக் கோபம் வந்தது. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள், ஆனால் வந்தது. நான் செத்தால்தான் உங்களுக்கு ஞாயிறு வரும் என்று ஒருத்தி சொல்கிறாள், மறுநாளே இந்த மனுஷன் சைதாப்பேட்டைக்குப் போய்த் தன் பைக்குக்கு அடுத்த முறைக்கான ஆயிலை முன்கூட்டியே வாங்கி வைக்கிறாரா? பில்லையும் பின்னையும் பிரிக்காமல் அந்தக் கவரை அப்படியே கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன். தூக்கி எறியவும் மனம் வரவில்லை. செத்துப்போனவரோடு ஆறு மாதம் நான் ஊடல் கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. ஸ்கூட்டருக்கும் ஆயில் மாற்றவில்லை. அவர் மாற்றவில்லை அல்லவா, அப்படியே கிடக்கட்டும் என்று தினமும் அந்தச் சத்தத்தோடு பாலத்தைத் தாண்டினேன். எல்லாம் வீம்புதான்.

ஆனால் அவர் பைக்கை மட்டும் விட முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்யும்போதெல்லாம், "அம்மா, அதை யாருக்காவது கொடுத்துடேன்" என்பாள். முடியாது என்றேன். அந்த என்ஜினுக்குள் இருக்கும் ஆயில் ஆனி மாதம் அவர் கையால் ஊற்றியது. அவர் கை பட்ட எல்லாம் வீட்டில் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தது. சவரக் கிரீம் காய்ந்துபோனது. அவர் வாங்கி வைத்த காபித்தூள் முடிந்துபோனது. இது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், நடு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்வேன். ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றுவிட்டு நிறுத்துவேன். ஓடினால் கெடாது என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐப்பசி மழையிலும் குடை பிடித்துக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தேன். பூஜைக்குக்கூட நான் அவ்வளவு தவறாமல் விளக்கேற்றியவள் இல்லை.

தை மாதக் கடைசியில் அது ஸ்டார்ட் ஆக மறுத்தது. பேட்டரி இறங்கியிருக்கும் என்று எங்கள் தெருமுனை மெக்கானிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என் கணவரை நன்றாகத் தெரியும். "சார் என்னாண்ட ஆயில் மட்டும் மாத்த வுடவே மாட்டாருக்கா" என்று சொல்லிக்கொண்டே ஆயில் மூடியைத் திறந்தவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார்.

மூடியின் உள்பக்கம் வெள்ளையாக நுரை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கீழே ஒரு பழைய வாளியை வைத்து அடி நட்டைக் கழற்றினார். பால் ஊற்றிய காபி நிறத்தில் கொழகொழவென்று இறங்கியது. என் கணவர் ஊற்றும்போது தேன் நிறத்தில் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"தண்ணி கலந்துகினு கீதுக்கா. டெய்லி ஸ்டார்ட் பண்ணி நிறுத்துனீங்களா?"

"ஆமா தம்பி. அஞ்சு நிமிஷம். ஒரு நாள்கூட விடல."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதான்க்கா. அஞ்சு நிமிஷத்துல இன்ஜின் முழுசா சூடாவாது. உள்ள வேர்த்துடும். ஓட்டுனா அந்தத் தண்ணி ஆவியாப் பூடும். நின்ன எடத்துலயே ஆன் பண்ணி ஆப் பண்ணா எங்க போவும்? ஆயில்லயே தங்கிடும். சும்மா வுட்டிருந்தாகூட இவ்ளோ ஆயிருக்காது."

ஆறு மாதம் நான் பக்கத்தில் நின்று காப்பாற்றியதாக நினைத்ததை, நானே கெடுத்திருக்கிறேன். வாளியில் விரலை விட்டு, என் கணவர் செய்வது போலத் தேய்த்துப் பார்த்தேன். அழுதேன். மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவலக்கா. இப்பப் புது ஆயில் ஊத்தி, கொஞ்சம் ஓட்டி, அதையும் மாத்திட்டா சரியாப் பூடும். சார் வாங்கி வெச்ச ஆயில் எதுனா கீதா?"

மேலே போய் அரிசி டிரம்மை நகர்த்தி அந்தக் கவரை எடுத்து வந்தேன். அவரே வாங்கியது, அவர் வண்டிக்கே போகட்டும். கோபம் மிச்சம் இருந்தால் அதுவும் அதோடு போகட்டும் என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் கவரைக் கையில் வாங்கியதும் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். "சின்னதா கீதே" என்றார். பின்னைப் பிடுங்கி டப்பாவை வெளியே எடுத்தார். திருப்பிப் படித்தார்.

"இது ஆவாதுக்கா. எம்.பி. போட்டிருக்கு. இது ஸ்கூட்டர் ஆயில்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் தப்பாக வாங்க மாட்டாரே என்றேன்.

"தப்பா வாங்கலக்கா. பைக்குல கிளட்ச் பிளேட்டு ஆயில்லயே முங்கிகினு இருக்கும். இத்த ஊத்துனா வழுக்கிடும், முறுக்குனா சத்தம்தான் வரும், வண்டி நவுராது. ஸ்கூட்டர்ல கிளட்ச் தனியா காஞ்சு இருக்கும், அதுக்கு இதான் கரெக்டு. சாருக்கு இது தெரியாதா? உங்க வண்டிக்குத்தான் வாங்கியிருக்காரு."

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்திலேயே சிறிய ஸ்கூட்டர் படம் இருந்தது. நாள் முழுக்கச் சீட்டுப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு பின்னைப் பிடுங்கி இதைப் படிக்கவில்லை. வியாழக்கிழமை, ஆடிக் கூட்டத்துக்கு நடுவில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் சைதாப்பேட்டைக்குப் போயிருக்க முடியும். அங்கே ஐந்து டப்பாவை எடுத்து வைக்கச் சொல்லிப் படித்திருப்பார். சொல்லாமல் வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். நானும் ரசத்தில் உப்பைச் சரியாகப் போட்டிருப்பேன். நடுவில் சனிக்கிழமை வந்துவிட்டது.

பைக்குக்கு மெக்கானிக்கே எம்.ஏ. ஆயில் வாங்கி வந்து ஊற்றி, பேட்டரியையும் மாற்றினார். நின்றால் கெடும், யாராவது ஓட்ட வேண்டும் என்றார். நீங்களே ஓட்டுங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். போகும் முன் என் ஸ்கூட்டரின் பழைய ஆயிலை இறக்கினார். கறுப்பாக, கொஞ்சம்தான் இருந்தது. என் கணவர் வாங்கிய அந்த ஆயிலை மெக்கானிக் ஊற்றப் போனபோது வேண்டாம் என்று வாங்கி நானே ஊற்றினேன். பாதி வெளியே போய்விடுமோ என்று பயந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பினேன். அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது. "என்னங்க, சத்தம் நின்னுடுச்சு" என்று பாலத்தின் மேலேயே வாய்விட்டுச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.