டிராம் பயணிகள் சங்கம்

மெல்பனில் எங்கள் டிராம் பாதை முடியும் இடத்தில்தான் அவரைக் கண்டேன். தோளில் நிற்காமல் வழியும் பெரிய கோட். மார்பில் 'டிராம் பயணிகள் சங்கம்' என்ற பேட்ஜ். எழுபதுகளில் அங்கே ஒரு தமிழ் முகம் தென்படுவதே அபூர்வம்.

பாதையை எங்கள் தெருவரை நீட்ட வரி கூட்டலாமா என்று நகரசபை வாக்கெடுப்பு வைத்திருந்தது. 'வேண்டாம்' என்ற நோட்டீஸை அவர் நீட்டினார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து என் மனைவி இருட்டில் நடந்து வரும் தெரு அது. எனக்குக் கோபம் வந்தது.

"அண்ணை, உங்கடை சங்கத்திலை எத்தினை பேர்?"

பேட்ஜை நேராக்கினார். "நான் ஒராள்தான் தம்பி."

அப்போது, கதவில் கார் வியாபாரி ஒருவரின் கடைப்பெயர் எழுதிய கார் வந்து அவரை ஏற்றிப்போனது.

வாக்கெடுப்பில் வரி தோற்றது. குளிர்காலத்தில் ஒருநாள் நானும் மனைவியும் மழையில் எங்கள் தெருவில் நடந்து போகையில் பின்னால் காலடி கேட்டது. அவர்தான், தெப்பமாக நனைந்திருந்தார்.

"என்ன அண்ணை, கார் வரேல்லையோ?"

"வாக்கெடுப்பு முடிஞ்சுதெல்லே," என்றார். பேட்ஜ் இல்லாத இடத்தை விரல்கள் நேராக்கிக்கொண்டிருந்தன.

பிறகு நானும் கார் வாங்கினேன். மழை நாளில் அந்தத் தெருவுக்குள் திரும்பினால், ஆளில்லாத நடைபாதையைப் பார்த்து இன்றும் என் கால் பிரேக்கை மிதிக்கிறது.