ஹவா மாஃபி

துப்பாக்கியை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. தொடாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காற்றைச் சொல்கிறவன் நான். சுடுகிறவரைவிட எனக்குத்தான் அந்தக் காலைகளில் பயம் அதிகம்.

துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் எங்கள் அர்பாபுக்கு வேலி போட்ட நிலம் இருக்கிறது. அர்பாப் என்றால் முதலாளி. மணல், முள்மரங்கள், அவர் வாங்கி விட்டு, பிறகு பெருகிப்போன மான்கள். மந்தை கூடிவிட்டால் குளிர்காலத்தில் ஒன்றிரண்டைச் சுடுவார். எல்லாவற்றுக்கும் பேப்பர் இருக்கிறது என்பார். அந்தப் பேப்பரை நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் எட்டாவதோடு நின்றவனுக்கு என்ன புரியப்போகிறது. ஆனாலும் ரோட்டில் போலீஸ் வண்டி தெரிந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

நான் வந்தது டிரைவர் விசாவில். ஒரு நாள் அர்பாப் டெலஸ்கோப்பை மூன்றுகால் ஸ்டாண்டில் வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். தண்ணி மாதிரி ஓடுது, வலப்பக்கமிருந்து இடப்பக்கம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். அதுதான் காற்று என்றார், அரபி கலந்த இந்தியில். கானல் நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை. சாய்ந்து ஓடினால் காற்று உண்டு. வாய்க்கால் போல ஓடினால் துப்பாக்கியைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான். நாம் படுத்திருக்கும் இடத்தில் ஒரு இலைகூட அசையாது, நடுவழியில் காற்று தோட்டாவை ஒரு சாண் தள்ளிவிட்டிருக்கும்.

அப்படி அந்த வேலை என் தலையில் விழுந்தது. துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அவர் "ஹவா?" என்பார். காற்று இருந்தால் எந்தப் பக்கம் என்று சொல்வேன். இல்லையென்றால் "மாஃபி." இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

ஆரம்பத்தில் அவர் நானூறு மீட்டருக்கு மேல் சுடவே மாட்டார். அவ்வளவு தூரம் தோட்டா போய்ச்சேர அரை நொடி ஆகும், அந்த அரை நொடிக்குள் மான் ஒரு எட்டு எடுத்து வைத்தால் நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும், அதை யாராலும் தடுக்க முடியாது என்பார். மானுக்குப் பின்னால் தோட்டாவை வாங்கிக்கொள்ள மணல்மேடு இருக்க வேண்டும், வெறும் வானம் இருந்தால் கூடாது. ஒரு முறை அப்படித்தான் வயிற்றில் பட்டு ஒரு கிடா ஓடிவிட்டது. மணலில் சொட்டுச் சொட்டாக ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் வரைக்கும் நடந்தோம். கண்டுபிடித்து முடிக்கிற வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நல்ல மனுஷன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

அப்புறம் புதுத் துப்பாக்கி வந்தது. தூரத்தை அளக்கிற கருவி வந்தது. எவ்வளவு ஏற்றிப் பிடிக்க வேண்டும் என்று போனே கணக்குப் போட்டுச் சொன்னது. நானூறு ஐந்நூறானது. பிறகு ஐந்நூற்று ஐம்பது. கை தேறத் தேற மான் சின்னதாகிக்கொண்டே போனது. மணல்மேட்டைப் பற்றி அவர் பேசுவதும் குறைந்துபோனது. எனக்கு ராத்தூக்கம் குறைந்தது.

நிலத்தில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவன் எங்கள் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், மான்களுக்குத் தீவனமும் தண்ணீரும் அவன் பொறுப்பு. என்னைவிட ஒரு வயசு பெரியவன், என்னை மாப்ள என்பான். துப்பாக்கி வெளியே வருவதற்குமுன் அவன் எங்கே இருக்கிறான் என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்வேன். கேட்டபிறகும் இன்னொரு தடவை போடுவேன்.

"ஏன் மாப்ள, எனக்குக் கொம்பு முளைச்சிருச்சுன்னு நெனச்சியா?" என்பான்.

"எங்க மச்சான் இருக்க?"

"கக்கூஸ்ல. சுடச் சொல்லிறாத."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் போடவில்லை. கூலிக்காரர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று மச்சான் முந்தின நாளே சட்டை தேய்த்து வைத்திருந்தான். காலையில் அவன் ரூம் பூட்டியிருந்தது. போய்விட்டான் என்று நினைத்தேன். அவனை ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன லாரி வரவில்லை. ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றவன், சும்மா இருப்பானேன் என்று பழைய நீலக் கவரால் உடுப்பை மாட்டிக்கொண்டு, அடைத்துக்கிடந்த கடைசித் தொட்டிக் குழாயைப் பார்க்க வேலியோரமாக நடந்திருக்கிறான்.

ஒன்பது மணி இருக்கும். வெயில் ஏறி, கானல் நேராகக் கொதித்துக்கொண்டிருந்தது. தனியாக ஒரு கிழட்டுக் கிடா, அறுநூற்று இருபது மீட்டர். அதற்குப் பின்னால் மேடு இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது. கானல் எல்லாவற்றையும் தூக்கிக் காட்டும். நடுவில் ஒரு பள்ளம் இருப்பதும், கடைசித் தொட்டி அந்தப் பள்ளத்தில் இருப்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் ஏமாந்தது. அர்பாப் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வைத்தார்.

கிடாவின் முதுகுக்கு மேல் நீலமாக ஒன்று தெரிந்தது. டிரம் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் நீல டிரம் ஒன்று கிடக்கும். அப்புறம் டிரம் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தது.

"ஹவா?" என்றார் அர்பாப்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த ஊரில் ஒரே வார்த்தைதான். பத்து வருஷமாகக் கடையில், கேம்ப்பில், செக்போஸ்ட்டில் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிப் பழகிய வாய்.

"மாஃபி, மாஃபி" என்றேன்.

அவர் சுட்டார்.

அந்தத் தூரத்துக்கு ஒரு நொடிகூட ஆகாது. நான் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே இருந்தேன். கிடா துள்ளி ஓடியது. நீலம் இல்லை. கானல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று ஞாபகம் இல்லை. ஆள், ஆள் என்று தமிழில் கத்தியிருக்கிறேன் போல. அர்பாபுக்கு அந்த வார்த்தை தெரியாது, என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு முன்சீட்டில் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். பள்ளத்தில் இறங்கினால் தொட்டிக்கு இந்தப் பக்கம் அவன் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. காதுகிட்ட சாட்டையால் சொடுக்கின மாதிரி ஒரு சத்தம், தானாக விழுந்துவிட்டேன் என்றான். உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அர்பாப் அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவருடைய தாடி நனைந்திருந்தது. கிடாவுக்கும் அடி படவில்லை. ஓடின தடத்தில் ரத்தம் இருக்கிறதா என்று மூன்று பேரும் தேடினோம், அவனும் சேர்ந்து தேடினான்.

சாயங்காலம் ரூமில் கேட்டான்.

"என்னைய பாத்தியா மாப்ள?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன சொன்ன?"

சொன்னேன். டீயை ஊற்றி என் பக்கம் தள்ளினான். பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்க. காத்து இல்லையே" என்றான். கிண்டலா கோபமா, தெரியவில்லை. அவனைப் பார்த்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரம் துப்பாக்கிப் பெட்டி திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் அர்பாப் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பாஷையில் நிறுத்து என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்டார். சொன்னேன். நிறுத்து, நிறுத்து என்று குழந்தை மாதிரி சொல்லிப் பார்த்தார். இனிமேல் குழப்பம் வராது, இந்த வார்த்தை அரபியிலும் இல்லை, இந்தியிலும் இல்லை என்றார்.

மச்சானிடம் வந்து சொன்னேன். தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தவில்லை.

"அப்ப மறுபடியும் சுடப்போறாரு."

"நான் டெலஸ்கோப்புல உட்கார மாட்டேன்னு சொல்லிரப்போறேன்."

"சொல்லு. அப்புறம் எவன் பாப்பான்? அவரு செல்போனா பாக்கும்?"

அவன் தீவனத்தைக் கொட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனான். வர்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று அர்பாப் சொல்லியிருந்தார். நான் போய் டெலஸ்கோப் கண்ணாடியைத் துடைத்து, ஸ்டாண்டின் மூன்று காலையும் இழுத்துப் பார்த்துப் பின்சீட்டில் வைத்தேன்.