வெஸ்ட் இண்டீஸ்தான் பெரிய டீம் என்றேன்

பிளஸ் டூ முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அதற்குப் பதில் வருவதற்குள் என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். எங்களுடையதும் நாமக்கல்லை ஒட்டிய பண்ணைதான். ஒரு நாற்றத்திலிருந்து இன்னொரு நாற்றத்துக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

எதிர்த்துப் பேசுகிற பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சம்பந்தம் முறிந்ததை நானே பார்த்திருக்கிறேன். பேசிக் கெடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

காபித் தட்டோடு வெளியே வந்தபோது மாப்பிள்ளையும் என் அண்ணனும் கிரிக்கெட் பேச்சில் இருந்தார்கள்.

"இதுவரைக்கும் ஆடுனதுலயே பெரிய டீமு நம்முளுதுதானுங்க. வேர்ல்டு கப்பே எடுத்தாச்சே, அப்பறமென்ன?" என்றார் மாப்பிள்ளை.

"பழைய ஆஸ்திரேலியா டீமுங்க மாப்ள," என்றான் அண்ணன். "இங்கிலாந்து போயி ஒரு மேட்ச்சுகூடத் தோக்காம வந்தானுங்களாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

முட்டைகளைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்கும்போது அண்ணனின் டிரான்சிஸ்டர் என் தலைக்கு மேல்தான் தொங்கும். இரண்டு பேரையும்விட அதிகமாகக் கமெண்டரி கேட்டவள் நான்.

"வெஸ்ட் இண்டீஸ்தானுங்க," என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை.

"நாம கப்பு எடுத்த அதே வருசம் அவிய இங்க வந்தாங்கள்ல? ஒன்டே அஞ்சும் தோத்தோம். டெஸ்ட்டும் போச்சு. நாலு பேரு மாத்தி மாத்தி வேகமாப் போட்டா நம்மாளுங்க குனியறதா ஓடறதான்னு நின்னாங்க. ஒரு நாள் ஜெயிச்சவன் பெரிய டீமுங்களா? அந்தப் பழைய ஆஸ்திரேலியாவ எங்கண்ணன் கண்ணுல பாத்துதா?"

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. சரி, இந்தச் சம்பந்தம் தொலைந்தது என்று நினைத்தேன்.

அவருடைய அம்மா சத்தமாகச் சிரித்தார். "கேட்டியாடா சாமி? முட்டை யாவாரி வந்து வெலையக் கொறச்சா நீ தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கற. நம்ம பண்ணைக்கு இந்த வாய்தான் வேணும்." பிறகு என் அப்பாவிடம், "இப்பவே பூ வெச்சு உறுதி பண்ணிரலாமுங்க," என்றார்.

பண்ணைக்காரர்கள் வீட்டில் வாய் ஒரு தகுதி என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எந்த வீட்டிலும் அது என்னைக் காப்பாற்றியிருக்கும். ஊமை மாதிரி நின்றிருந்தால்கூட இங்கே தப்பித்திருப்பேன்.

"நான் டீச்சர் டிரெயினிங் போவோணும்," என்றேன். அதையும் சத்தமாகத்தான் சொன்னேன்.

அப்பா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அண்ணனிடம், "இருந்தாலும் ஃபைனல்ல அவியள நாமதானுங்களே ஜெயிச்சோம்," என்று மறுபடி ஆரம்பித்தார்.

அவருடைய அம்மா பூவோடு என் பின்னால் வந்தார்.

"ஆடாம நில்லு சாமி."

நின்றேன்.