மேல்வீட்டுத் தண்ணீர்

குளியலறைக் கூரையில் முதலில் ஒரு தேமல். பிறகு சொட்டு. வோபர்ன் என்ற இந்த வெளிநாட்டுப் புறநகரில், எங்கள் அடுக்குமாடியில் எல்லாமே மேலிருந்துதான் வரும்: சண்டை, மீன்வாசம், பிள்ளைகளின் ஓட்டம். மூன்றாம் முறையும் தண்ணீர் வந்த காலையில், கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணையிடம் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். கோபத்தில் எனக்கு வசனம் நன்றாக வரும்.

கொடுத்த பிறகுதான் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவள் உக்ரேன்காரி, என் வயதிருக்கும். உள்ளே தொட்டி விளிம்புவரை தண்ணீர். வாளி, பானை, சூப்புச் சட்டி, எல்லாவற்றிலும் தண்ணீர். கார்கிவ்வில் குண்டு விழுந்ததும் குழாய் செத்துப்போனது என்றாள், எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில். ஹைஃபாவுக்கு ஓடினாள். அங்கே இன்னொரு போர் வானத்தால் வந்தது. இங்கே வந்தும், தொட்டி நிரம்பாமல் அவளுக்கு நித்திரையில்லை. சில நாள் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே தூங்கிப்போகிறாள்.

“மன்னித்துக்கொள். இதை விட்டால் எனக்குப் போக இடமில்லை.” வீடு வேறொருவர் பெயரில், அவள் உள்வாடகை.

ஊரில் சண்டைக்கு இடம்பெயர்ந்து நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, அதற்குப் பக்கத்து வீட்டுக்காரி கிணற்று வாளியைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டினாள். முப்பது வருடமாக அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கீழே ஓடினேன்.

“அண்ணை, அந்தக் கடிதத்தைத் திருப்பித் தாங்கோ.”

“என்ன தங்கச்சி, காலமை கூரை இடியுதெண்டு துள்ளினனீர். இப்ப மேல கோப்பி கீப்பி தந்தவவோ?”

“பகிடி விடாதேங்கோ. அந்த மனுசி ரெண்டு சண்டைக்குத் தப்பி வந்தது.”

“நானும் சண்டைக்குள்ளாலதான் வந்தனான். பாத்டப்பை நிரப்பிக்கொண்டோ இருக்கிறன்? கடிதம் ஒஃபிசுக்குப் போயிட்டுது. அவ இஞ்ச இருக்கிறதே அவைக்குத் தெரியாது. உம்மட கடிதத்துக்கு வந்து பாக்கேக்கதான் தெரியப்போகுது.”

மாதமுடிவில் அவளைப் போகச் சொன்னார்கள். உதவிக்குப் போனேன். எல்லாம் ஏற்கெனவே கட்டியாகியிருந்தது, பழகிய கை. வேலையிடத்தில் ஒருத்தி சோபா தருகிறாளாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் சூப்புச் சட்டியை என் கையில் வைத்தாள்.

“யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ மட்டும்தான் வந்து கதவைத் தட்டினாய்.”

சட்டியோடு இறங்கி வந்தேன். சற்று நேரத்தில் என் குளியலறைச் சுவருக்குள் இரைச்சல். கடைசி வேலையாகத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டிருக்கிறாள். தண்ணீர் என்னைக் கடந்து இறங்கிக்கொண்டேயிருந்தது, வெகுநேரம்.