நான் கிழித்ததாகச் சொன்ன கடிதம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். முதலில் அதற்கு மன்னிக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்ததோடு சரி. எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் உண்டு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் எண்ணெய்த் தொட்டி கழுவுவது என் வேலை. பக்கத்திலேயே மலிவு விலை அடுக்குமாடியில் நான்காவது மாடியில் வீடு. பிள்ளைகள் இல்லை. நானும் என் மனைவியும்தான். அவள் வேறோர் ஆலையின் கெண்டீனில் தட்டு கழுவினாள். “நீங்க தொட்டி கழுவுறீங்க, நான் தட்டு கழுவுறேன். ரெண்டு பேருக்கும் கைரேகையே தேஞ்சு போச்சு” என்று சிரிப்பாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். நான் சிறு வயதிலிருந்தே கூச்சம் உள்ளவன். “எங்க வீட்டுக்காரரு பஸ்ல மணி அடிக்கக்கூட வெக்கப்படுவாரு. வேற யாராவது எறங்குனாத்தான் இவரும் எறங்குவாரு” என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லுவாள். அது பொய்யில்லை. இரண்டு முறை எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து வந்திருக்கிறேன்.

அவளிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தவள். பிறப்பைப் பதிய வேண்டுமென்றால் அவள் அப்பா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் டவுனுக்குப் போக வேண்டும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவர் போகவே இல்லை. கூடப் படித்த பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கியபோது இவள் வாங்கவில்லை. பல வருடம் கழித்துச் சிவப்பு கிடைத்தது. இந்த நாட்டைவிட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவள், இங்கே தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டுக்காரி என்று அதற்கு அர்த்தம். தேர்தல் நாளில் என்னோடு பள்ளிக்கூடம் வரை வருவாள். நான் உள்ளே போய் ஓட்டுப் போட்டு வரும்வரை வாசல் கம்பி அருகே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “சாவறதுக்குள்ள ஒரு தடவ நானும் உள்ள போயிடணும்” என்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். சேவைத் திட்டம் ஒன்று. படிப்பு முடித்த இளையவர்களை ஓராண்டுக்கு எடுத்து, ஜொகூர் முழுக்க ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். மீனவர் வாழும் கம்பத்துக் கிராமங்களுக்குச் சிலர், செம்பனைத் தோட்டத்துப் பக்கம் சிலர். எங்கள் அடுக்குமாடிக்கு மூன்று பேர். ஆறு மாதம் ஓர் இடம், அதன் பிறகு வேறு ஊர். கீழே இருக்கும் பொது மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் பச்சை டீசட்டை. அதில் ஒருத்தி தமிழ்ப் பெண், மூவாரிலிருந்து வந்தவள். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள்.

வீடு வீடாக வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். எங்கள் கதவைத் தட்டியபோது நான் மட்டும் இருந்தேன். திறந்தேன். கையில் ஃபைலும் கழுத்தில் அட்டையுமாக அவளைப் பார்த்ததும் பயந்துபோய், “வீட்டுல யாரும் இல்ல” என்றேன்.

“அப்ப நீங்க யாரு அங்கிள்?”

படியேறி வந்துகொண்டிருந்த என் மனைவிக்கு அது கேட்டுவிட்டது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அவரு ஆளே இல்லமா, வீட்டு சாமான். நீ உள்ள வா” என்றாள். அன்றைக்கே சிவப்பு அட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்துவிட்டாள்.

அதிலிருந்து வாரம் இரண்டு சாயங்காலம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். குடியுரிமைக்கு எழுதிப் போட்டால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள், மலாயில் கேள்வி கேட்பார்கள், வாசிக்கச் சொல்வார்கள் என்றாள். என் மனைவிக்குப் பேச வரும், வாசிக்க வராது. சமையலறை மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

“ஆண்ட்டி, ஆபீசர் முன்னால வார்த்தைக்கு வார்த்தை ‘லா’ போடக் கூடாது.”

“அலமாக், லா போடாம எப்படிமா மலாய் பேசறது? உப்பில்லாத கொழம்பு மாதிரி இருக்கும்.”

“அங்கிள், நீங்களும் உக்காருங்களேன்.”

“அவரு ஏன் உக்காரப் போறாரு? அவருதான் நீல ஐசி ராஜாவாச்சே!”

நான் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிவிடுவேன். மோட்டார்சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பாடம் முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். அந்நியப் பிள்ளை இருக்கும் அறையில் கையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே என்னென்ன சொல்லிக் கொடுத்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நெத்திலி வறுக்கும்போது என் மனைவி ருக்குன் நெகாராவை, நாட்டின் ஐந்து கோட்பாடுகளை, ஒப்பிப்பாள். ஐந்தில் நான்காவது எப்போதும் மறந்துபோகும். கரண்டியால் தன் தலையில் தட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

குடியுரிமை விண்ணப்பப் பாரத்தை அந்தப் பெண்தான் நிரப்பினாள். அதில் ஒரு சிக்கல். எங்கள் மாடியில் கடிதப் பெட்டிகள் எல்லாம் உடைந்து கிடக்கும். கடிதம் வந்தால் மழையில் நனையும், இல்லையென்றால் காணாமல் போகும். அதனால் முக்கியமான எதற்கும் மண்டபத்து முகவரியைக் கொடுப்பது இங்கே எல்லாருக்கும் வழக்கம். மேசைக்குப் பின்னால் ஓர் அடுக்கில் கடிதங்களை வைத்திருப்பார்கள். போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெண் இருந்தவரை அவளே மேலே கொண்டுவந்து தந்துவிடுவாள். அதனால் பாரத்திலும் அந்த முகவரியையே எழுதினாள்.

ஆறு மாதம் முடிந்தது. அவளை மெர்சிங்குக்கு மாற்றினார்கள். கடைசி நாளில் என் மனைவி பிரியாணி சமைத்தாள். போகும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆண்ட்டி வேலை விட்டு வர்றதுக்குள்ள கீழ மண்டபத்த மூடிடுவாங்க அங்கிள். நீங்கதான் வாரம் ஒரு தடவ லெட்டர் வந்துச்சான்னு கேக்கணும். கேப்பீங்கதானே?”

தலையாட்டினேன்.

புதிதாக மூன்று பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். எந்நேரமும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துவிட்டார்கள். யார் வந்தாலும் பெயர், வீட்டு எண், வந்த காரணம் மூன்றையும் அதில் எழுத வேண்டும். முதல் வாரம் நான் படி வரை போனேன். செருப்பைக் கழற்றினேன். முன்னால் நின்றவர் மளமளவென்று எழுதிவிட்டு நகர்ந்தார். அந்தப் பையன் பேனாவை என் பக்கம் நீட்டினான். எனக்கு ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். அவர்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதோ மறந்ததுபோல் சட்டைப் பையைத் தடவிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் மனைவி கேட்டாள். “கேட்டீங்களா?”

“கேட்டேன். வரல.”

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கு அடுத்த வாரம் மண்டபம் வரைகூட நான் போகவில்லை. மெர்சிங்கிலிருந்து அந்தப் பெண் போன் செய்யும்போது என் மனைவி சொல்லுவாள்: “இன்னும் வரலமா. அங்கிள் வாரம் தவறாம போய்க் கேக்கறாரு. பாவம், அவரு கூச்சத்துக்கு அதுவே பெரிய விஷயம்.” நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் மழை. மண்டபத்துக் கூரையோரம் ஒதுங்கி நின்றேன். அந்தப் பையன் வெளியே வந்து, “பாச்சிக், நாலாவது மாடியா?” என்று மலாயில் கேட்டான். உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தான். நெடுநாளாக இருக்கிறது, யாரும் கேட்டு வரவில்லை என்றான். எந்த வீட்டுக்காரர் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

படிக்கட்டில் நின்று பிரித்தேன். அவ்வளவு மலாய் எனக்குத் தெரியும். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜொகூர் பாருவில், காலை ஒன்பது மணிக்கு. அந்தத் தேதி போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்தக் கடிதத்தை வேலையிடத்தில் என் பெட்டிக்குள், பழைய பூட்ஸுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். தேதி போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் கழித்து அவளிடம் சொன்னேன்.

“பதில் வந்துச்சு. இல்லன்னு எழுதியிருக்காங்க.”

தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “குடுங்க, பாப்போம்.”

“கிழிச்சிப் போட்டுட்டேன்.”

“நீங்களா? நீங்களா கிழிச்சீங்க?”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் வந்து என் முதுகைத் தடவினாள். “என்னைவிட உங்களுக்குத்தான் கோவம் வந்திருக்கு. விடுங்க. அவங்களுக்கு நான் வேணாம் போல” என்றாள். எனக்காக யாரும் கோபப்பட்டதில்லை என்று அன்றைக்கு இரண்டு மூன்று முறை சொன்னாள். அவள் குரலில் சந்தோஷம்கூட இருந்தது. அதற்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பது?

ருக்குன் நெகாரா நின்றுபோனது. பாடத்தாள்களைக் கட்டி அலமாரியின் மேல் போட்டாள். அடுத்து வந்த ஓர் இடைத்தேர்தலுக்கு, “நீங்க போய்ட்டு வாங்க, எனக்குக் கால் வலி” என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மறு வருடம் கெண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோதே விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவள் காதருகே குனிந்தேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழுமோ என்று நிமிர்ந்துவிட்டேன். கேட்க முடியாதவளிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

கருமாதிக்கு அந்தப் பெண் வந்தாள். திட்டம் முடிந்து ஊரில் வேலை செய்துகொண்டிருந்தாள். வேலையிடத்தில் விடுப்புச் சொல்லி மூவாரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு சமையலறை மேசையில் அவள் பழைய இடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

“நான்தான் பாரத்துல ஏதோ தப்பா எழுதிட்டேன் அங்கிள். அதான் கூப்பிடாமலே இல்லன்னுட்டாங்க. கூப்பிட்டிருந்தா ஆண்ட்டி கட்டாயம் பாஸ். அன்னிக்குப் போக முடியாம போனாக்கூட பரவால்ல, காரணம் எழுதிக் குடுத்து வேற தேதி கேட்டுப் பாக்கலாம்னு ஆண்ட்டிகிட்ட சொல்லி வெச்சேன். ஆண்ட்டி அதைத் தாள்ல எழுதிக்கூட வெச்சாங்க. எல்லாம் சொல்லிக் குடுத்தேன், கூப்பிடவே இல்லையே.”

அவள் அதைச் சொல்லிக் கொடுத்தபோது நான் மோட்டார்சைக்கிள் கொட்டகையில் இருந்தேன். என் மனைவிக்கு அது தெரிந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்திருந்தால், என்னைத் திட்டிவிட்டு, மறுநாளே வேலைக்கு விடுப்புப் போட்டு ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறியிருப்பாள். நீலம் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருப்பாள்.

அந்தப் பெண்ணிடம் அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. “நீ ஒண்ணும் தப்பு பண்ணலமா” என்று மட்டும் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் அதிகமாக அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். போன மாதம் போன் செய்தபோது சொன்னாள், வேறு ஒருவருக்குப் பாரம் நிரப்பக் கேட்டார்களாம், பயந்துபோய் முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

அதனால்தான் எழுதினேன். வேலையிடத்துப் பெட்டியிலிருந்து கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் மனைவியின் பெயர் அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல் இருக்கிறது. நாளைக் காலை ஷிப்ட் முடிந்ததும் தபால் நிலையத்துக்குப் போய், இந்தத் தாள்களையும் அந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் வைத்து மூவாருக்கு அனுப்புவேன்.

நீ நிரப்பிய பாரம் சரியாகத்தான் இருந்ததம்மா. அவர்கள் கூப்பிட்டார்கள்.

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை.