கியரை நம்பி நிறுத்திய கார்

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் கொட்டகையை ஒட்டி எனக்கு ஓர் அறை. சட்டையும் சப்பாத்துமாகத் திரிந்ததால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளிகள் என்னைக் கண்டாலே ஒதுங்கி நிற்பார்கள். பங்களாச் சமையற்காரரோ சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியே நீட்டுவதோடு சரி. நாலு வருஷத்தில் நான் அதிகம் பேசியது காரோடுதான். சிரிக்காதீர்கள், உண்மை.

எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிரிலும் ஈரத்திலும் ஹேண்ட் பிரேக் இறுகிக்கொள்ளும் என்று அதைத் தொடமாட்டோம். சரிவில் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு இறங்கிவிடுவோம். கிளச் வழியாக எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் துரை கொழும்பிலிருந்து வேறொரு கார் கொண்டுவந்தார். அதில் கிளச்சுக்குப் பதிலாக எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஓர் உருளை. எஞ்சின் ஓடினால்தான் அந்த எண்ணெய் சுழன்று கியரைத் திருப்பும். எஞ்சின் நின்றால் ஒன்றை ஒன்று பிடிக்காது. "நிப்பாட்டினா ஹேண்ட் பிரேக் போடு" என்று துரை இரண்டு தடவை சொன்னார். மலையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

கார் வந்த மூன்றாம் நாள் மத்தியானம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே சரிவில் காரை நிறுத்தினேன். துரை தேயிலைக்குள் நடந்துபோனார். திடீரென்று மழை பிடித்தது. வழக்கம்போல் எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டுவிட்டு, குடையோடு அவர் பின்னால் ஓடினேன். சக்கரம் சின்னப் பள்ளத்தில் இருந்ததால் கார் அப்போது அசையவில்லை. பத்தடி போயிருப்பேன், பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். திரும்பினால் கார் உருள்கிறது. கீழே கூடைகளோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

கொழுந்துச் சாக்கு தூக்கும் ஒருவர்தான் அதைப் பார்த்தார். பாதையோரம் அடுக்கியிருந்த சாக்குகளை இழுத்து இழுத்துச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினார். மூன்றாவது சாக்கில் ஏறித் திரும்பிய கார் மண்மேட்டில் இடித்து நின்றது. முதலில் நின்ற பெண்ணுக்கு நாலு முழம்தான் மிச்சம். ஓடிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

துரை வந்து என்னை முறைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் அந்தச் சாக்குக்காரர் முந்திக்கொண்டார்.

"மழைக்கு மண்ணு கரைஞ்சிருச்சுங்க தொரை. டிரைவர் மேல தப்பில்லீங்க."

பெண்களும் ஆமாம் என்றார்கள். நாலு வருஷமாக நான் முகம் பார்த்துப் பேசாத ஆட்கள் அவர்கள்.

துரை அதை நம்பி மடுவத்துக்குள் போனதும் சாக்குக்காரர் என் அருகில் வந்து, "சாயந்தரம் லயத்துல நம்ம காம்பராவுக்கு வாங்க, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாம்" என்றார். வருகிறேன் என்றேன். போகவில்லை. டிரைவர் லயத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான் என்று பங்களாவில் பேசுவார்களே என்று நாளைத் தள்ளினேன்.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் பொறுக்காமல், சாக்குத் தூக்குகிறவர் காம்பரா எது என்று விசாரித்துப் போனேன். காம்பரா பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் காம்பரா அம்மா எட்டிப் பார்த்தார்.

"அவுங்க குடும்பத்தோட ஒரேயடியா இந்தியாவுக்குப் போயி ஒரு வாரம் ஆச்சுங்களே. டிரைவர் வருவாருன்னு சாயந்தரமானா அடுப்புல தண்ணி வச்சுக்கிட்டு காத்திருந்தாரு."

கொட்டகைக்குத் திரும்பி, காருக்குள் உட்கார்ந்து அழுதேன். இன்று யார் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாலும் உடனே போய்விடுகிறேன். ஆனாலும் கார் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதெல்லாம், எனக்காக அடுப்பில் தண்ணீர் வைத்துக் காத்திருந்த அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லையே என்று நெஞ்சு வலிக்கிறது.